மகள் மொழிபெயர்க்காமல் விட்ட வசனம்

என் மகளுக்குத் தலசீமியா, பரம்பரையாக வருகிற ஒரு ரத்த நோய். ஒன்பதாவது மாதத்தில் கண்டுபிடித்தார்கள். இப்போது அவளுக்கு 14 வயது. மூன்று, நான்கு கிழமைக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். நாங்கள் இருப்பது இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கம். ரத்தம் ஏற்றும் நாளில் விடிய நான்கு மணிக்கு எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, மாங்குளத்தில் இறங்கி, ஏ9 வீதியில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். இந்த ஓட்டத்தைப் பற்றியே எவ்வளவோ எழுதலாம். ஆனால் இன்றைக்கு எழுத நினைத்தது வேறு. பிள்ளையின் நோயைப் பற்றிப் பிள்ளையோடு யார் கதைப்பது, எப்போது, எந்த மொழியில் என்பதைப் பற்றித்தான். அதில் நான் பெரிய பிழை விட்டேன். வன்னியில் இதே மாதிரிப் பிள்ளையை வைத்திருக்கிற வேறொரு தாய் அந்தப் பிழையை விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அவளுக்கு 13 வயதாக இருக்கும்போது வன்னிக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. மகளுக்குத் தெரியும். வாட்டில் பக்கத்துக் கட்டில் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் பார்க்கிற கார்ட்டூனைப் பார்த்துப் பழகிய சிங்களம் அது. சின்ன வயதிலிருந்தே மருந்துக்கடையில், பஸ்ஸில், கிளினிக்கில் எல்லாம் எனக்கு வாய் அவள்தான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பத்து வயதிலேயே என்னமாய்க் கதைக்கிறாள் என்று ஊரில் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அன்றைக்கு டொக்டர் கோப்பைப் பார்த்துக்கொண்டே நிறையக் கதைத்தார். அவள் துண்டு துண்டாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரும்பு கூடிவிட்டதாம். ஈரலைப் பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். பிறகு டொக்டர் கொஞ்சம் நீளமாக ஒரு வசனம் சொன்னார். அவள் வாயைத் திறக்கவில்லை. மேசையில் இருந்த பேப்பர் வெயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அம்மா. மருந்தை ஒழுங்காக் குடிக்கட்டாம்."

நான் டொக்டரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். சரி, எல்லாம் விளங்கிவிட்டது என்று எழும்பி வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் குரோட்டன் சாடிதான் காட்டிக்கொடுத்தது. மண்ணுக்கு மேல் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒரு படை. விரலால் சுரண்டிப் பார்த்தேன், மாவாக உதிர்ந்தது. இவள் குடிக்கிற குளிசையைத் தண்ணீரில் கரைத்து, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் குடிக்க வேண்டும். கரைத்த கிளாசை ஒவ்வொரு காலையும் சாடிக்குள் ஊற்றியிருக்கிறாள். அந்த மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் அளவு, 4300. முன்னம் 1800 ஆக இருந்தது. எங்களுக்குச் சொல்லியிருந்த இலக்கு 1000க்குக் கீழே.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலசீமியாப் பிள்ளையின் உடம்பு சரியான ஹீமோகுளோபினைச் செய்யாது. அதனால் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் ரத்தம் ஏற வேண்டும். ஏறுகிற ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது. உடம்பு தானாக வெளியே விடுவது ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மிச்சம் ஈரலில், இதயத்தில், சுரப்பிகளில் போய்ப் படியும். அதை வெளியேற்றத்தான் அந்தக் குளிசை. முன்னமெல்லாம் வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, சின்னப் பம்பைப் பூட்டி, இரவில் எட்டு, பத்து மணித்தியாலம் மருந்து ஏற்றினோம். கிழமையில் ஐந்து, ஆறு இரவு அப்படித்தான். குளிசை வந்ததும் விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. அந்தக் குளிசையைத்தான் சாடிக்குள் ஊற்றியிருந்தாள்.

முதலில் கத்தினேன். அது இரண்டாவது பிழை. அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. இரவு படுக்கும்போதுதான், விளக்கை அணைத்த பிறகு, இருட்டுக்குள் சொன்னாள்.

"எனக்குப் பிள்ளை பிறக்காதாம். கலியாணம் கட்டுறதெண்டா எல்லாருக்கும் வருத்தத்தைச் சொல்ல வேணுமாம். அப்ப ஏன் மருந்து?"

ஏழு மாதத்துக்கு முன் அந்த அறையில் மொழிபெயர்க்காமல் விட்ட வசனம் அது. பின்னால் கோப்பை வாசித்து விளங்கிக்கொண்டோம். டொக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பியில் இரும்பு படிந்தால் பெரிய பிள்ளையாவது தாமதிக்கலாம், கவனிக்காமல் விட்டால் பிறகு பிள்ளை உண்டாவதும் கஷ்டமாகலாம், அதனால் மருந்து முக்கியம் என்றுதான் சொல்லியிருக்கிறார். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை பகுதியும் ரத்தம் சோதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். எல்லாம் சரியான தகவல். ஆனால் வாட்டில் விளையாடிப் பழகின சிங்களத்துக்குள் அவ்வளவும் அடங்கவில்லை. அடங்கினது மூன்று சொல்: பிள்ளை இல்லை, கலியாணம் இல்லை, எல்லாருக்கும் சொல்ல வேண்டும். 13 வயதுப் பிள்ளை அதைக் கேட்டு, விழுங்கி, பக்கத்தில் இருக்கிற தாய்க்கு நோகக்கூடாது என்று பொய்யும் சொல்லி, பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டபடி வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

பிள்ளையின் நோயைப் பற்றிக் கதைக்கும் அறையில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். தண்ணீர் எங்கே, கன்ரீன் எங்கே என்று கேட்பதற்குப் பரவாயில்லை. டொக்டர் கோப்பைத் திறந்துவிட்டால் அந்த வேலை பிள்ளையுடையது இல்லை. "தமிழ் தெரிந்த ஒரு தாதியைக் கூப்பிடுங்கோ, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு இருங்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நாங்கள் கேட்பது சலுகை இல்லை. நான் அன்றைக்குக் கேட்கவில்லை. வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான், எங்கள் கிளினிக்கில் ஒரு தாதி மிஸ் சொல்லி, மரபணு ஆலோசனைக்குப் போனோம். அந்தப் பெயரைக் கேட்டதும் அது கலியாணம் கட்டப்போகிறவர்களுக்கும் பிள்ளை தரித்தவர்களுக்கும் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு என்னத்துக்கு? இவரும், மகளின் அப்பா, அப்படித்தான் கேட்டார். போன பிறகுதான் விளங்கியது, இந்த வயதில்தான் அது மிகவும் தேவை என்று. அப்போதுதான் உடம்பு மாறுகிறது. சிநேகிதிகளுக்குச் சாமத்திய வீடு நடக்கிறது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பெரியம்மாவும் "இன்னும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். பின்னால் விஞ்ஞானப் புத்தகத்தில் மெண்டலின் பட்டாணியும் பரம்பரையலகும் வந்துவிடும். வகுப்பில் ஆசிரியர் படிப்பிக்கும்போது, தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியும்.

அங்கே இருந்தவர் ஒரு பெண் டொக்டர், தமிழ் ஆள். நான் கோப்பைத் தூக்கி மேசையில் வைத்து, வழக்கம் போலப் பிறந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

"உம்மட வருத்தத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்? பிழையாச் சொன்னாலும் பரவாயில்லை."

பதின்மூன்று வருசத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவள் தொடங்கினாள். தொடங்கியதும் நிற்கவில்லை. எனக்கே தெரியாத எவ்வளவோ விசயம். ரத்தப் பையில் ஒட்டியிருக்கும் இலக்கங்களையெல்லாம் தன் பெயரோடு சரிபார்த்துத்தான் ஏற்ற விடுகிறாளாம். இரண்டு கட்டிலுக்கு அப்பால் இருந்த ஒரு அக்கா ஏன் பிறகு வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அவளுக்கு வேறு கதை சொல்லியிருந்தேன்.

கொஞ்சத்தால் என்னை வெளியே இருக்கச் சொன்னார். இருபது நிமிசம். அந்த வாங்கில் இருந்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. பிறந்த நாளிலிருந்து தூக்கித் திரிந்தது நான், என்னை வெளியே விடுவதா என்று. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: பிள்ளை தனியாகச் சொல்வதைப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் உங்களிடம் சொல்லமாட்டேன், உயிருக்கு ஆபத்தான விசயம் என்றால் மட்டும் சொல்வேன், அதையும் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். இன்னொன்றும் சொன்னார், அது நெஞ்சில் தைத்தது. "அம்மா, நீங்கள் வாட்டில அழுறது எல்லாத்தையும் அவள் கணக்கு வைச்சிருக்கிறாள். தன்னால எண்டு நினைக்கிறாள்."

மூன்று தடவை போனோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் அவர் கொட்டவில்லை. முதல் நாள், அவள் பயந்து வைத்திருந்த அந்த மூன்று சொல். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றால் அதைப் பார்ப்பதற்கு டொக்டர் இருக்கிறார், தேவைப்பட்டால் ஹோர்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தொடங்க வைக்கலாம், மருந்தை ஒழுங்காக எடுத்த தலசீமியாப் பெண்கள் எத்தனையோ பேர், இதயத்தையும் ஈரலையும் முன்னமே சோதித்து, டொக்டர்மாரோடு திட்டமிட்டு, பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்றார். அதைக் கேட்டபோது மகளின் முகம் எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப திரும்பக் குளிசை குடிச்சா இரும்பு குறையுமோ?" குறையும், மாதக் கணக்கில் ஆகும் என்றார்.

இரண்டாம் நாள்தான் கணக்கு. நான்கில் ஒன்று என்று எனக்கு முன்னமே சொல்லியிருக்கிறார்கள். நானும் இவரும் ஆளுக்கு ஒரு பழுதான மரபணுவைக் காவுகிறவர்கள், காவிகள். எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் பிள்ளைக்கு இரண்டு பக்கத்தாலும் பழுதானதே வந்துவிட்டால் நோய். எங்களைப் போன்ற இருவருக்குப் பிறக்கிற பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதை நான் எப்படி விளங்கி வைத்திருந்தேன் தெரியுமா? முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று. அந்தத் தைரியத்தில்தான் மகனைப் பெற்றேன். அவனுக்கு வரவில்லை. வந்திருக்கலாம்.

டொக்டர் படம் கீறித்தான் விளங்கப்படுத்தினார். ஆனால் எனக்கு அது முழுதாக விளங்கியது வீட்டில், மகள் செய்து காட்டியபோதுதான். தாயம் ஆடுவதற்கு என்று அம்மம்மா வைத்திருந்த புளியங்கொட்டைகளை எடுத்தாள். ஒரு பக்கம் சீமெந்தில் உரசி வெள்ளையாக்கியது, மற்றப் பக்கம் கறுப்பு. "இது அம்மா, இது அப்பா" என்று இரண்டைக் கையில் குலுக்கி எறிந்தாள். இரண்டும் வெள்ளையாக விழுந்தால் நோய். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்றால் காவி. இரண்டும் கறுப்பென்றால் ஒன்றுமில்லை. தம்பி கொப்பியில் குறிக்க, நாற்பது தடவை எறிந்தார்கள். இரண்டும் வெள்ளை ஒன்பது, கலந்து விழுந்தது இருபத்தொன்று, இரண்டும் கறுப்பு பத்து. ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று தடவை இரண்டும் வெள்ளையாகவே விழுந்தது. "பாத்தீங்களோ அம்மா, கொட்டைக்கு ஞாபகம் இல்லை. முதல் எறிஞ்சது என்னெண்டு அதுக்குத் தெரியாது" என்றாள். எனக்கு யாராவது மகனைப் பெற முன்னமே இப்படி எறிந்து காட்டியிருந்தால்!

பிறகு ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு படிக்குப் போனாள். கறுப்புப் பக்கத்தையும் உரசு உரசென்று உரசினாள். இரண்டு பக்கமும் வெள்ளையான கொட்டையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

"இது நான்."

ஒன்றும் உரசாத புதுக் கொட்டை ஒன்றைச் சேர்த்து எறிந்தாள். இரண்டு பக்கமும் கறுப்பு. எத்தனை தடவை எறிந்தாலும் ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. "காவியாக இல்லாத ஆளை நான் கட்டினா என்ர பிள்ளையள் எல்லாம் காவி. ஒருத்தருக்கும் வருத்தம் வராது. காவியைக் கட்டினாத்தான் பாதிக்குப் பாதி." பல்லாங்குழி ஆடுகிற பிள்ளையின் குரலில் சொன்னாள். கணக்கு அவளைப் பயப்படுத்தவில்லை. அரைகுறையாகக் கேட்டதுதான் பயப்படுத்தியிருந்தது.

அம்மம்மா சார்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உது எந்தப் பக்கத்தால வந்தது?" என்றார். அந்தக் கேள்விதான் எங்கள் குடும்பத்தில் பதினான்கு வருசமாக ஓடிக்கொண்டிருந்தது. நானும் இவரும் மச்சான் மச்சாள், அவர் என் மாமாவின் மகன். 2009க்குப் பிறகு, முகாமில் இருந்து வந்து, இருக்கிற சொந்தத்தை விடக்கூடாது என்று பெரியவர்கள் சேர்த்து வைத்தார்கள். பிள்ளைக்கு வருத்தம் என்றதும் ஒரு பகுதி செல்லடியில் வந்த புகையால் என்றது. இன்னொரு பகுதி குலதெய்வக் குற்றம் என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தது. நேர்த்தி நானும் வைத்தேன், தீர்த்தும் இருக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் காரணம் இது இரண்டும் இல்லை. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து இறங்கிய ஒரே மரபணு, மாமாவின் வழியாக இவரிடமும் அம்மாவின் வழியாக என்னிடமும் வந்து, மகளிடம் சேர்ந்துவிட்டது. சொந்தத்துக்குள் கட்டுகிற எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. ஒரே மாதிரியான பழுதை இருவரும் காவுகிற வாய்ப்பு சொந்தத்துக்குள் கூட, அவ்வளவுதான்.

அம்மம்மாவுக்கு வாழ்நாள் முழுக்க "ரத்தம் குறைவு" என்று இரும்புக் குளிசை கொடுத்தார்கள். முருங்கையிலையும் ஈரலும் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை. அவரும் காவிதான் என்று இந்த வயதில் சோதித்துத் தெரிந்தது. "அப்ப நான்தான் பிள்ளைக்குக் குடுத்தனான்" என்று அழுதார். அதற்கு டொக்டர் சொன்ன ஒரு விசயத்தை மகள் அம்மம்மாவுக்குச் சொன்னாள். தலசீமியாக் காவிகளை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1949இலேயே அப்படி எழுதினார், பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் அந்தப் பக்கமே போயின. காடும் குளமும் நுளம்பும் நிறைந்த இடங்களில் இந்த மரபணு தங்கி நின்றதற்கு அதுதான் காரணம். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் எங்கள் நாட்டை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதற்கு முன் வன்னியில் குளிர்காய்ச்சல் பார்க்காத வீடு ஏது? "உங்கட அம்மா, அப்பாவைத் தப்ப வைச்சது இதா இருக்கலாம் அம்மம்மா. இல்லாட்டி நாங்கள் ஒருத்தரும் இல்லை." அம்மம்மா கண்ணைத் துடைத்துவிட்டு அந்த இரட்டை வெள்ளைக் கொட்டையை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். கிளினிக் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. இரண்டு காவிகள் கலியாணம் கட்டாதீர்கள், தலசீமியாப் பிள்ளை பிறப்பதைத் தடுப்போம் என்ற கருத்தில். நான் நூறு தடவை அதற்குக் கீழே இருந்திருப்பேன். ஒரு நாளும் மகளின் கண்ணால் அதை வாசித்ததில்லை. அவள் டொக்டரிடம் கேட்டாள்:

"அப்ப நான் பிறந்திருக்கக் கூடாதா?"

டொக்டர் உடனே பதில் சொல்லவில்லை. பேனையைக் கீழே வைத்தார். "அந்தப் போஸ்டர் வருத்தத்தைப் பற்றினது. உம்மைப் பற்றினது இல்லை. ஆனா உமக்கு அப்பிடித்தான் கேக்கும், அதில பிழை இல்லை. உமக்குக் கோபம் வந்தா அதுவும் சரிதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாட்டையும் கேளும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. இந்த வருத்தம் உனக்கு வராமல் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறேன், நீ வராமல் இருந்திருந்தால் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்படித்தான் ஏதோ சொன்னேன். இந்த இரண்டும் வேறு வேறு என்று பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாப்பாடு தீத்தினேன், இரவிரவாய்ப் பம்பைப் பார்த்துக்கொண்டு முழித்திருந்தேன், இதைவிட என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கலியாணத்துக்கு முன் சோதிப்பது தேவை இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் நாட்டுச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடம் உண்டு. கருவில் சோதித்துப் பிறகு யோசிக்கலாம் என்ற வழி இங்கே கிட்டத்தட்ட இல்லை. அதனால் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சோடி சேர முன்னமே தெரிந்துகொள்வதுதான் நல்லது. சோதனையும் பெரிய விசயம் இல்லை. முதலில் சாதாரண முழு ரத்த எண்ணிக்கை. அதில் சிவப்பணுவின் அளவு, எம்.சி.வி. என்று போட்டிருக்கும், 80க்குக் கீழே இருந்தால் அல்லது எம்.சி.எச். 27க்குக் கீழே இருந்தால் அடுத்ததாக ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். இரும்புச்சத்துக் குறைவிலும் சிவப்பணு சின்னதாக வரும், அதனால் முதல் சோதனையோடு நிற்காதீர்கள். அதை வைத்து நீங்களாகவே காவி என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

சொந்தக்காரரிடம் சொல்லப்போனது தனிக் கதை. இவரின் தங்கை, மகளின் மாமி, தன் மகனுக்குத்தான் இவள் என்று சின்னதிலிருந்து பகிடியாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். "எங்கட பிள்ளையளையும் சோதிக்க வேணுமோ? எங்கட ரத்தத்தில பழுதில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்ன மாமா குடும்பம் அடுத்த கிழமையே போய் எடுத்தது, இரண்டு பேர் காவி. நான் செய்த பிழை, சொந்தம் கூடியிருந்த ஒரு பிறந்தநாள் வீட்டில், பலகாரத்தட்டு கையில் இருக்க, எல்லாருக்கும் முன் சொன்னது. தனித்தனியாக, ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "உங்கட பிள்ளையளுக்கு உதவும், வருத்தம் இல்லை, காவி எண்டா சுகமாத்தான் இருப்பினம்" என்று தொடங்கியிருக்க வேண்டும். பிறகு அப்படித்தான் மாமி வீட்டுக்குப் போனேன். இன்னும் எடுக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

அதைவிடப் பெரிய பிழை, நான் சொல்வதற்கு முன் மகளைக் கேட்கவில்லை. "என்ர கதையை நான் சொல்லுறன். நீங்கள் பஸ் ஹோல்டில நிக்கிற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறீங்கள்" என்றாள். உண்மைதான். அனுதாபத்தில் ஒருவர் இருக்கை தருவார் என்றால் பத்துப் பேருக்கு முன் அவளுடைய ஃபெரிட்டினைச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு பட்டியல் அவளே வைத்திருக்கிறாள். வகுப்பாசிரியருக்குத் தெரியும், ரத்தம் ஏற்றும் நாளில் லீவு, அதற்கு முதல் இரண்டு நாளும் களைப்பாக இருக்கும் என்று அவளே கடிதம் எழுதிக் கொடுத்தாள். இரண்டு சிநேகிதிகளுக்குத் தெரியும். ரியூசனில் யாருக்கும் தெரியாது. விளையாட்டுப் போட்டிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று டொக்டரோடு ஒரு தடவை கதைத்துப் பழகிக்கொண்டாள். சின்ன விசயம் மாதிரித் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கு அது நாள்தோறும் வருகிற விசயம்.

மகனைப் பற்றியும் கேட்டேன். 11 வயது, நன்றாக ஓடித் திரிகிறான். சோதித்துவிடலாமா என்று. வருத்தம் இல்லை என்பது அவனைப் பார்த்தாலே தெரிகிறது, மிச்சம் இருப்பது காவியா இல்லையா என்பது மட்டும்தான், அதற்கு இப்போது அவசரம் இல்லை, விளங்குகிற வயதில் அவனே கேட்டு எடுக்கட்டும் என்றார் டொக்டர். மகள் உடனே கணக்குப் போட்டுவிட்டாள்: இரண்டும் வெள்ளையாக விழுந்ததைக் கழித்தால் மிச்சம் மூன்று, அதில் இரண்டு காவி. மூன்றில் இரண்டு வாய்ப்பு. அவனுக்கு அந்தக் கணக்கைவிட வேறொரு கவலை இருந்திருக்கிறது. அக்காவுக்கு மட்டும் வந்தது தனக்கு வராததால் என்று. இவ்வளவு நாளும் அவனிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை.

போன மாதம் நான்காவது தடவை போனோம். அதற்கு முதல் இரவே அவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதி, ஒற்றையைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை. ஃபெரிட்டின் 2900க்கு இறங்கியிருந்தது. இந்த முறை என்னை யாரும் வெளியே இருக்கச் சொல்லவில்லை, நானே கோப்பை அவளிடம் கொடுத்துவிட்டு வாங்கில் இருந்தேன். அரை மணித்தியாலத்துக்கு மேல். வெளியே வந்தவளிடம் என்ன கதைத்தாய் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

பஸ் முறிகண்டியில் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள். நான் ஒரு தேங்காய் உடைத்தேன். அவள் கச்சான் வாங்கிக்கொண்டு வந்து, யன்னல் பக்கம் இருந்து, கோதை உடைத்து எனக்கும் தந்தாள். பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"தம்பிக்குப் பதினெட்டு வந்தா நான்தான் அவனுக்குச் சொல்லுவன். நீங்கள் சொல்ல வேண்டாம், சரியோ?"

சரி என்றேன். அவள் அடுத்த கச்சானை உடைத்தாள்.